பெயரில் இல்லாத இமயம்

‘டச்சு எல்ம் நோய்’ என்னும் தொடரைத் தாவரவியல் பாடநூலில் முதன்முறையாகக் காணும் மாணவர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருவார். ‘டச்சு எல்ம்’ என்றொரு மரம் இருக்கிறது, அதற்கு வரும் நோய் இது என்பது ஒன்று. நெதர்லாந்தில் பிறந்து பிற நாடுகளுக்குப் பரவிய எல்ம் நோய் இது என்பது மற்றொன்று. இரண்டுமே பிழை. ‘டச்சு எல்ம்’ என்று வழங்கும் மரம் உண்மையில் உண்டு. ஆனால் நோய் அதற்கு மட்டும் உரியதன்று. நெதர்லாந்தில் அந்நோய் பரவியது உண்மை. ஆனால் அங்கே பிறந்தது என்று கொள்ள இடமில்லை. பெயரில் அந்நாடு ஏறியதற்குக் காரணம் வேறு. நோயை முறையாக ஆராய்ந்து, அதற்குக் காரணமான பூஞ்சையைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் அந்நாட்டவர். ஆராய்ந்ததற்குக் கிடைத்த பரிசு, நோயின் பெயரில் நிலையாக ஓர் இடம்.

தமிழிலக்கணம் பயின்றவர்க்கு இச்சிக்கல் புதியதன்று. பொற்குடம் என்றால் பொன்னால் செய்த குடம். ‘ஆல்’ என்னும் உருபும் ‘செய்த’ என்னும் பயனும் மறைந்து நிற்கின்றன. ஆகவே அது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘டச்சு எல்ம் நோய்’ என்பதும் அத்தகைய தொகையே. விரித்தால், டச்சுக்காரர்களால் ஆராயப்பட்ட எல்ம் நோய். பொற்குடத்தில் மறைந்ததைக் கேட்பவர் தயக்கமின்றி விரித்துக்கொள்கிறார். குடத்தையும் பொன்னையும் அவர் அறிவார். நோய்ப்பெயரில் மறைந்த ‘ஆராயப்பட்ட’ என்னும் சொல்லை விரிப்பதற்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் ‘பிறந்த’ என்றோ ‘பரப்பிய’ என்றோ விரிக்கிறார். தொகை மறைத்த ஒரு சொல், உழைப்பைக் குற்றமாக மாற்றிவிடுகிறது.

இந்நோயையும், அதை எதிர்த்து நிற்பதற்காக உருவாக்கப்பட்ட கலப்பின எல்ம் ரகங்களையும் பற்றி எண்ணும்போது, பெயரிடுதல் என்பது அறிவுலகின் கணக்கேடு என்பது தெளிவாகும். எவர் பெயரில் பற்று எழுதப்படுகிறது, எவர் பெயரில் வரவு எழுதப்படுகிறது, எவர் கணக்கே தொடங்கப்படவில்லை என்பதை அவ்வேடு காட்டும். அதில் ஒரு பக்கம் இமயமலைக்கு உரியது. அப்பக்கம் இந்திய மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று.

முதலில் நோயைப் பற்றி. எல்ம் மரத்தின் பட்டைக்கடியில் வாழும் சிறு வண்டுகள் பூஞ்சையின் வித்துகளைச் சுமந்து செல்கின்றன. நோயுற்ற மரத்தில் பிறந்த வண்டு, நலமான மரத்தின் இளங்கிளைக் கவட்டில் கடித்துத் தின்னும்போது பூஞ்சை உள்ளே புகுகிறது. வேரிலிருந்து இலைக்கு நீரேற்றும் குழல்களில் அது பரவுகிறது. மரம் அதைத் தடுக்கப் பிசினாலும் திசுக்குமிழ்களாலும் தன் குழல்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. பூஞ்சை சில நேரங்களில் அவ்வடைப்பையும் முந்திச் செல்கிறது. கோடையின் நடுவிலேயே ஒரு கிளையின் இலைகள் மஞ்சளித்துச் சுருள்கின்றன. பின்னர் மரம் முழுதும் வாடுகிறது. அருகருகே நிற்கும் மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் இணைந்திருந்தால், வண்டின் உதவியின்றியே நோய் கடந்துவிடும். சாலையோரத்தில் ஒரே வரிசையில் நடப்பட்ட எல்ம்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தது இவ்வாறுதான்.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் வடமேற்கு ஐரோப்பாவில் இந்த வாட்டம் கவனத்துக்கு வந்தது. வறட்சி என்றனர் சிலர். பாக்டீரியா என்றனர் சிலர். போரில் பயன்படுத்தப்பட்ட நச்சுவாயுவின் விளைவு என்று கூறியவர்களும் உண்டு. நெதர்லாந்தின் பார்ன் நகரில் யோகன்னா வெஸ்டர்டைக் தலைமையில் இயங்கிய தாவர நோயியல் ஆய்வகத்தில், பேயா ஷ்வார்ட்ஸ் என்னும் ஆய்வு மாணவி வாடிய கிளைகளிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதுவே காரணி என்று 1922-இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். பிற நாட்டு அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. அதே ஆய்வகத்தின் கிறிஸ்டின் பாய்ஸ்மன் 1920களின் பிற்பகுதியில் மீண்டும் சோதனைகள் நடத்தி ஐயத்துக்கு இடமின்றி அதை உறுதிப்படுத்தினார். வெஸ்டர்டைக் 1917-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர். நெதர்லாந்தின் முதல் பெண் பேராசிரியர். அவர் நெறியாள்கையில் 56 பேர் முனைவர் பட்டம் பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். எல்ம் நோயைப் பற்றிய தொடக்ககால அறிவு பெருமளவு இப்பெண்களின் உழைப்பால் விளைந்தது.

இந்நோய்க்குப் பிற மொழிகள் இட்ட பெயர்களையும் பார்க்க வேண்டும். டச்சு மொழியில் அது வெறும் ‘எல்ம் நோய்’. ஜெர்மானியர் ‘எல்ம் சாவு’ என்று பொருள்படும் சொல்லை வழங்குகின்றனர். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் பூஞ்சைக்கு முதலில் இடப்பட்ட ‘கிராஃபியம்’ என்னும் அறிவியற்பெயரிலிருந்து நோய்ப்பெயர் பிறந்தது. நாட்டின் பெயரை நோயின் தலையில் வைத்து உலகெங்கும் பரப்பியது ஆங்கிலம். இந்தியப் பாடநூல்கள் ஆங்கிலத்தின் வழியே அதைப் பெற்றன. தமிழ்ப் பாடநூல் ‘டச்சு எல்ம் நோய்’ என்று எழுதும்போது, அது மொழிபெயர்ப்பதாக எண்ணிக்கொண்டு ஒரு பிழையை இறக்குமதி செய்கிறது.

இனி எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களின் கதை. கால்வாய்க் கரைகளிலும் கடற்காற்று வீசும் சாலைகளிலும் நிற்கவல்ல மரம் நெதர்லாந்துக்கு இன்றியமையாதது. எல்மைப் போல அவ்வுப்புக் காற்றைத் தாங்கும் மரங்கள் சிலவே. ஆகவே 1928-இல் நோய்தாங்கும் எல்மைத் தேடும் பணி தொடங்கியது. பல நாடுகளிலிருந்து விதைகள் தருவிக்கப்பட்டன. கன்றுகள் வளர்க்கப்பட்டு, அவற்றுக்குள் பூஞ்சையின் வித்துகள் வேண்டுமென்றே செலுத்தப்பட்டன. பிழைத்தவை மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஸ்பெயினிலிருந்து வந்த விதையில் முளைத்த ஒரு கன்று தாங்கி நின்றது. 1936-இல் இளம் வயதிலேயே மறைந்த பாய்ஸ்மனின் நினைவாக அதற்குக் ‘கிறிஸ்டின் பாய்ஸ்மன்’ என்று பெயரிட்டனர். எல்ம் நோயைத் தாங்கிய அம்மரம், கிளைகளைக் கருக்கும் வேறொரு பூஞ்சைக்கு எளிதில் இரையானது. 1948-இல் ‘பேயா ஷ்வார்ட்ஸ்’ வந்தது. 1960-இல் ‘கொமெலின்’ வந்தது.

அதற்குள் நோயே மாறிவிட்டது. வட அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வந்த எல்ம் மரத்தடிகளோடு, முன்னதைவிடக் கொடிய வேறொரு பூஞ்சை இனம் 1960களில் வந்திறங்கியது. பிரிட்டனில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்ட எல்ம்கள் மடிந்தன. முதல் பூஞ்சையை எதிர்த்து நின்ற ‘கொமெலின்’ இரண்டாவதன் முன் நிற்கவில்லை. நாற்பதாண்டு உழைப்பில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் பயனற்றுப் போயிற்று. எதிர்ப்புத்திறன் என்பது மரத்தின் நிலையான குணம் என்று எண்ணியவர்களுக்கு அது ஒரு பாடம். எதிர்ப்புத்திறன் ஒரு குறிப்பிட்ட மரத்துக்கும் ஒரு குறிப்பிட்ட நோய்க்கும் இடையே, ஒரு குறிப்பிட்ட காலத்தில் நிலவும் உறவு. உறவின் ஒருபுறம் மாறினால் பெயர்ப்பலகையில் எழுதிய ‘நோய் எதிர்ப்பு’ என்னும் சொல் பொய்யாகிவிடும்.

இக்கட்டத்தில்தான் இமயம் கதைக்குள் வருகிறது. ஐரோப்பிய எல்ம்களிடையே மட்டும் கலப்புச் செய்து போதிய வலிமையைப் பெற இயலாது என்பதை உணர்ந்த ஹான்ஸ் ஹைப்ரூக் உள்ளிட்ட டச்சு ஆய்வாளர்கள் ஆசிய எல்ம்களின் பக்கம் திரும்பினர். மேற்கு இமயத்தில், காஷ்மீர் முதல் உத்தராகண்ட் வழியாக நேபாளம் வரை வளரும் ‘உல்மஸ் வாலிச்சியானா’ என்னும் இமாலய எல்ம் அவர்களுடைய கலப்புப் பணியில் சேர்ந்தது. ஹைப்ரூக் இமயத்துக்கே சென்று எல்ம்களைத் திரட்டினார். ரொனால்ட் மெல்வில்லுடன் இணைந்து இமயத்தின் எல்ம்கள் பற்றி 1971-இல் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஐரோப்பிய எல்மோடு இமாலய எல்மைக் கலந்து பெற்ற சந்ததியைப் பிற தேர்வுகளோடு மீண்டும் கலந்தனர். ‘லோபெல்’, ‘டோடூன்ஸ்’, ‘பிளான்டைன்’ என்னும் மூன்று ரகங்கள் 1973-இல் வெளியாயின. ‘க்ளூசியஸ்’ 1983-இல் வந்தது. ‘பிளான்டைன்’ வழிவந்தது ‘கொலுமெல்லா’. அதே ‘பிளான்டைன்’ வழியில் பிறந்த மற்றொரு மரம், பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனத்தில் நெடுங்காலம் சோதிக்கப்பட்டு, 2002-இல் ‘லுட்டேஸ்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. இவை அனைத்தின் குருதியிலும் இமயத்தின் பங்கு உண்டு.

பெயர்களைக் கவனித்தால் ஒரு செய்தி தெரியும். லோபெல், டோடூன்ஸ், க்ளூசியஸ் ஆகியோர் 16-ஆம் நூற்றாண்டின் தாவரவியலர். பிளான்டைன் அவர்களுடைய நூல்களை அச்சிட்ட ஆண்ட்வெர்ப் நகரத்து அச்சகர். கொலுமெல்லா உழவு பற்றி நூலெழுதிய உரோமானியர். லுட்டேஸ் பாரிசின் தொன்மைப் பெயர். ஐரோப்பிய அறிவு வரலாற்றின் ஒரு சிறு அருங்காட்சியகமே எல்ம் கன்றுகளில் தொங்கும் சீட்டுகளில் இருக்கிறது. எதிர்ப்புத்திறனுக்கு வழிகாட்டிய மலையின் பெயர் ஒரு சீட்டிலும் இல்லை. இமாலய எல்மின் அறிவியற்பெயரும் அம்மலையைச் சொல்வதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்கத்தா தாவரத் தோட்டத்தைப் பொறுப்பேற்று நடத்திய டேனிய மருத்துவர் நத்தானியேல் வாலிச்சின் பெயரை, 1848-இல் பிளான்ஷோன் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலர் அதற்கு வைத்தார். அம்மரத்தின் தழையை மாட்டுக்கு வெட்டியும் பட்டையிலிருந்து கயிறு திரித்தும் தலைமுறைகளாக வாழ்ந்த மலைமக்கள் அதற்குத் தத்தம் மொழிகளில் பெயர் வைத்திருந்தனர். அறிவியல் அப்பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டது. தன் பெயரில் ஏற்றுக்கொள்ளவில்லை.

இது தவிர்க்க முடியாத வழக்கம் என்று கூறுவதற்கில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்மாலி, ஜப்பானின் சப்போரோ தாவரத் தோட்டத்திலிருந்து 1950களின் இறுதியில் பெற்ற விதைகளைக் கொண்டு ஒரு கலப்பின எல்மை உருவாக்கினார். சைபீரிய எல்மும் ஜப்பானிய எல்மும் கலந்த அம்மரத்துக்கு அவர் இட்ட பெயர் ‘சப்போரோ ஆட்டம் கோல்ட்’. விதை வந்த ஊர், இலையுதிர்காலத்தில் இலை பூணும் பொன்னிறம் இரண்டும் அப்பெயரில் உள்ளன. கன்றை வாங்கும் எந்த ஊர்க்காரரும் சீட்டைப் படிக்கும்போது சப்போரோ என்னும் ஊரைத் தெரிந்துகொள்கிறார். அவ்வளவு எளிதாகச் செய்யக்கூடியது அது.

கணக்கேட்டில் இன்னொரு பதிவும் உண்டு. இமயத்தின் எல்ம்களில் வாழும் ஒரு பூஞ்சையை கிளைவ் பிரேசியரும் இந்தியாவைச் சேர்ந்த மெஹ்ரோத்ராவும் கண்டறிந்து 1995-இல் அறிவித்தனர். எல்மைக் கொன்ற இரு பூஞ்சைகளுக்கும் அது நெருங்கிய உறவு. தன் சொந்த நிலத்தின் எல்ம்களுக்கு அது பெருங்கேடு செய்வதாகத் தெரியவில்லை. நெடுங்காலம் உடன்வாழ்ந்ததால் விளைந்த சமநிலை அது. ஐரோப்பிய எல்ம்களில் செலுத்திப் பார்த்தபோது அவற்றை அது நோய்ப்படுத்தியது. அப்பூஞ்சைக்கு இடப்பட்ட பெயர் ‘ஓஃபியோஸ்டோமா ஹிமால்-உல்மி’. பெயரிட்டவர்கள் பழிசுமத்தும் எண்ணத்தோடு அவ்வாறு செய்யவில்லை. கிடைத்த இடத்தைக் குறித்தார்கள், அவ்வளவே. ஆயினும் இரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு முரண் தெரியாமல் போகாது. இமயம் பூஞ்சையின் பெயரில் இருக்கிறது. இமயம் வலிமை தந்த மரங்களின் பெயரில் இல்லை. ஒரு நாடு நோயை ஆராய்ந்ததற்காக நோயின் பெயரைச் சுமக்கிறது. ஒரு மலை எதிர்ப்புக்குத் துணைநின்றும் பெயரற்றுப் போகிறது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. பெயர் என்பது அடையாளச் சீட்டு மட்டுமே. அதில் வரலாறு முழுவதையும் ஏற்ற முடியாது. ஒரு கலப்பின மரத்துக்கு நான்கைந்து மூதாதையர் இருக்கலாம். எவரை ஏற்றுவது, எவரை விடுப்பது? ரகங்களின் வம்சாவளி ஆய்விதழ்களில் தெளிவாகப் பதிவாகியுள்ளது; எவரும் அதை மறைக்கவில்லை. மேலும் பெயர்கள் அடிக்கடி மாறினால் அறிவியல் தகவல் பரிமாற்றமே குலையும். வளர்ப்புத் தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரீட்டு விதிமுறை நிலைத்தன்மையை வலியுறுத்துவதும் அதனால்தான். இவ்வாதத்தின் ஒவ்வொரு கூறும் உண்மை. ‘லோபெல்’ என்னும் பெயரை இனி மாற்ற வேண்டும் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் பெயர் வெறும் சீட்டு என்பதை, பெயர் வைப்பவர்களே நம்புவதில்லை. நம்பியிருந்தால் இளமையில் மறைந்த ஒரு பெண்ணின் பெயரை ஒரு மரத்துக்கு இட்டிருக்க மாட்டார்கள். அது நன்றியின் செயல். மிகப் பொருத்தமான செயல். அவர் எழுதிய கட்டுரைகளைப் படியாதவரும் அம்மரத்தின் வழியே அவர் பெயரை அறிகின்றனர். பெயர் நன்றியைச் சுமக்க வல்லது என்றால், அது நன்றியின்மையையும் சுமக்க வல்லது. உலக நலவாழ்வு அமைப்பு 2015-இல் புதிய தொற்றுநோய்களுக்கு இடப்பெயரோ ஆட்பெயரோ சூட்ட வேண்டாம் என்று நெறிமுறை வகுத்ததும் இதை உணர்ந்தே. 2021-இல் கொரோனா வைரசின் ஒரு திரிபை உலக ஊடகங்கள் இந்தியாவின் பெயரால் அழைத்தபோது, அப்பெயர் எத்தகைய சுமை என்பதை இந்நாட்டு மக்கள் நேரில் கண்டனர். அதற்கு ‘டெல்டா’ என்று பெயரிடப்பட்டதை வரவேற்றவர்கள், ‘டச்சு எல்ம் நோய்’ என்று தயக்கமின்றி எழுதுவது முறையாகாது.

பெயரைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது. ஆங்கிலேய நிலத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட இங்கிலீஷ் எல்ம், மரபணு ஆய்வின்படி, உரோமானியர் கொடிமுந்திரியைப் படரவிடுவதற்காகப் பரப்பிய ஒரே மரத்தின் குளோன். 2004-இல் வெளியான அவ்வாய்வு, 2,000 ஆண்டுகளாக விதையின்றி வேர்க்கன்றுகளால் மட்டும் பெருகிய ஒரே மரத்தையே இங்கிலாந்தின் வயல்வரப்புகள் எங்கும் காண்கிறோம் என்று காட்டியது. கொடிமுந்திரிக்குக் கொழுகொம்பாக அவ்வெல்மை நடச்சொல்லிப் பரிந்துரைத்தவர் கொலுமெல்லா. எல்லா மரமும் ஒரே மரமாக இருந்ததால் ஒரே நோய் எல்லாவற்றையும் வீழ்த்தியது. அவர் பெயரைத் தாங்கும் இன்றைய எதிர்ப்பு ரகமும் ஒரு குளோன்தான். ‘லோபெல்’, ‘லுட்டேஸ்’ ஆகியவையும் அப்படியே. போத்து நட்டும் ஒட்டுக் கட்டியும் ஒரே மரத்தை ஆயிரமாயிரமாகப் பெருக்குகின்றனர். அழிவுக்குக் காரணமான ஒருமையையே தீர்வாகவும் நடுகிறார்கள் என்றால் அது மிகையன்று. அதனால் இந்த ரகங்கள் வேண்டாதவை ஆகிவிடா. இவை இல்லாவிடில் பல நகரங்களின் தெருக்களில் எல்மே இராது. ஆனால் ஒரு தெருவில் ஒரே ரகத்தை நட்டுவிட்டு நோயை வென்றதாகக் கூறுவது, ‘கொமெலின்’ கற்பித்த பாடத்தை மறப்பதாகும்.

அடுத்த பூஞ்சை வரும்போது அடுத்த எதிர்ப்புத்திறன் எங்கிருந்து வரும்? ஆய்வகம் அதைக் காட்டிலிருந்துதான் எடுக்க முடியும். விதையால் பெருகி, ஒவ்வொரு மரமும் மற்றொன்றிலிருந்து வேறுபட்டு, பூஞ்சையோடும் வண்டோடும் நெடுங்காலம் உடன்வாழ்ந்த காட்டு எல்ம்களிடம்தான் அது இருக்கும். அத்தகைய இனங்களுள் ஒன்றான இமாலய எல்ம் இன்று ‘அழிவுக்கு உள்ளாகக்கூடியது’ என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. தழைக்காக மீண்டும் மீண்டும் கிளை கழிக்கப்படும் மரம் பூப்பதும் காய்ப்பதும் குறைகிறது. விதை குறைந்தால் புதிய கன்றுகள் குறைகின்றன. கிளை கழிப்பவர் குற்றவாளியல்லர். குளிர்காலத்துக்கு மாட்டுத் தீவனம் தேடும் மலைக்குடும்பத்துக்கு அம்மரமே களஞ்சியம். மாற்றுத் தீவனத்துக்கு வழிசெய்யாமல் மரத்தைக் காக்கும் திட்டம் எதுவும் நீடிக்காது. எலும்பு முறிவுக்கு அதன் பட்டையைப் பயன்படுத்தும் நாட்டு மருத்துவ வழக்கமும் அங்கு உண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அப்பட்டையின் சாற்றை எலிகளில் சோதித்து எலும்பு வளர்ச்சியில் அதன் விளைவுகளை ஆராய்ந்தது. இத்தனை பயன்களைத் தரும் மரத்தைப் பற்றி இந்நாட்டுப் பல்கலைக்கழக வகுப்பறைகளில் பேசப்படுவதோ மிகக் குறைவு. எல்ம் என்றால் ஐரோப்பியக் கவிதைகளில் வரும் அயல்மரம் என்றே பல மாணவர்கள் எண்ணுகின்றனர். இமயத்தில் எல்ம் உண்டு என்பதும், தென்னிந்தியச் சமவெளியில் நிற்கும் ஆயா மரம் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பேரினம் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

பெயரும் பாதுகாப்பும் இணைவது இங்கேதான். ‘லுட்டேஸ்’ நடும் நகராட்சிக்கு இமாலய எல்மின் நிலை பற்றிக் கவலைப்பட யாதொரு காரணமும் அப்பெயரில் இல்லை. சீட்டில் இமயம் இருந்திருந்தால் ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும்: அந்த மரம் தன் ஊரில் இப்போது எப்படி இருக்கிறது? பெயர் கடன்பத்திரம் அன்று. ஆனால் கடனை நினைவூட்டும் குறிப்பு. இமாலய எல்ம் ஐரோப்பிய ஆய்வகங்களை அடைந்த காலத்தில், தாவர வளம் அனைவருக்கும் பொது என்பதே உலக வழக்கம். 1992-இன் பல்லுயிர் உடன்படிக்கையும் இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டமும் 2010-இன் நகோயா நெறிமுறையும் பின்னர் வந்தவை. ஆகவே எவரையும் சட்டத்தின் முன் நிறுத்தும் பேச்சுக்கு இங்கு இடமில்லை. சட்டம் கேட்காத இடத்தில் அறம் கேட்கக்கூடாது என்பதும் இல்லை.

மொழியியல் துறையினர் இக்கதையைத் தாவரவியலாரின் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய மொழிகள் பலவற்றின் பெயர்கள், அவற்றைப் பேசாத அண்டை மக்களோ ஆட்சி அலுவலரோ வைத்தவை. களப்பணிக்குச் சென்று ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதியவர் பெயர் அட்டையில் நிற்கிறது. மாதக்கணக்கில் உடனிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிக்கொடுத்த மூதாட்டி ‘தகவலாளி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மறைகிறார். அங்கும் தொகை ஒரு சொல்லை மறைக்கிறது. ‘இன்னார் இலக்கணம்’ என்பதை விரித்தால், இன்னாரால் எழுதப்பட்டதும் இன்னாரால் சொல்லப்பட்டதும் ஆகிய இரண்டும் வர வேண்டும். வருவது ஒன்றுதான். இலக்கணம் எழுதப்பட்ட பின் அம்மொழி பேசுவோர் எத்தனை பேர் எஞ்சினர் என்று எவரும் திரும்பிச் சென்று பார்ப்பதும் அரிது.

செய்யக்கூடியவை சிலவே, அவை கடினமானவையும் அல்ல. தமிழ்ப் பாடநூல்களும் கலைச்சொல் அகராதிகளும் இந்நோயை ‘எல்ம் வாடல் நோய்’ என்று வழங்கலாம். நோய் செய்வதை அப்பெயர் சொல்கிறது, எந்நாட்டையும் சுட்டவில்லை. ஆங்கிலப் பெயரைக் குறிப்பிட நேரும்போது, அது ஏன் வந்தது என்று ஒரு வரியில் விளக்கி, ஷ்வார்ட்ஸ், பாய்ஸ்மன் ஆகிய இருவர் பெயரையும் சேர்க்கலாம். கலப்பின ரகங்களைப் பற்றி எழுதும் இந்திய ஆய்வாளர்கள், அவற்றின் இமாலய மூதாதையை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் முதல் வாக்கியத்திலேயே கூறலாம். இந்தியாவில் இனி உருவாகும் ரகங்களுக்குப் பெயரிடும் நிறுவனங்கள், மரபுவளம் வந்த ஊரையோ அதைக் காத்த மக்களின் சொல்லையோ பெயரில் ஏற்றலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இமயத்தின் எல்ம்களிலிருந்து விதை திரட்டிப் பல இடங்களில் வளர்க்கும் பணியும், தழை வெட்டும் ஊர்களுக்கு மாற்றுத் தீவனம் தரும் பணியும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக நடைபெற வேண்டும்.

வசந்தத்தில் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களில் எல்ம் விதைகள் பனித்தூவலைப் போல உதிர்ந்து மிதக்கும். அவற்றுள் சில, இமயத்தின் சரிவுகளைத் தம் வம்சாவளியில் சுமந்து செல்பவையாக இருக்கக்கூடும். அதே நாட்களில் மேற்கு இமயத்தின் ஏதோ ஒரு சரிவில், கிளை கழிக்கப்பட்ட ஒரு எல்ம் இவ்வாண்டு காய்க்குமா என்பது உறுதியில்லை. அந்த மரம் காய்க்க வேண்டும் என்பதே பெயரைப் பற்றிய இவ்வாதத்தின் முடிவான பொருள்.